பாறையோடு ஓடையையும் காத்திடுங்கள்: கரீபியன் பண்பாட்டு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கும் மரபுத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமில் பண்பாட்டுத் துறையைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும், குவாடலூப், மார்த்தினிக் தீவுகளுக்காக யுனெஸ்கோவின் உலக மரபுக் குழுவின் முன் விண்ணப்பிக்கும் உரிமை பெற்ற பிரெஞ்சு அரசின் பண்பாட்டு அமைச்சகத்துக்கும் இந்த மடலை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். தீவுகள்தோறும் ஆற்றங்கரைகளிலும் மலையிடுக்குகளிலும் கடலோரங்களிலும் தொல்குடிகள் செதுக்கிவைத்த பாறை முகங்களை ஒரே தொடராக உலக மரபுப் பட்டியலுக்குக் கொண்டுசெல்லும் வேலையைத் தொடங்குங்கள். எல்லாத் தீவுகளும் கூடிவரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்படித் தொடங்கும்போது, காக்கப்படும் இடத்தின் எல்லையைப் பாறையைச் சுற்றி நான்கு முழத்தில் நிறுத்திவிடாமல், அந்தப் பாறையைத் தொட்டு ஓடும் நீரின் போக்கை ஒட்டி வரையுங்கள்.

இந்த எண்ணம் என்னுடையதன்று. 2006 இல் குவாடலூப்பில் யுனெஸ்கோ கூட்டிய வல்லுநர் கூட்டத்தில் பேசப்பட்டதே இது. பல நாடுகள் சேர்ந்து கரீபியன் பாறைக்கலைக்கு ஒரு தொடர் விண்ணப்பம் தரலாம் என்ற கருத்து அங்கே வடிவம் பெற்றது. அங்கு வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 2008 இல் நூலாகவும் வந்தன. நினைவிடங்களுக்கான பன்னாட்டு அவையான இக்கோமோஸும் அதே 2006 ஆம் ஆண்டில் இலத்தீன் அமெரிக்கா, கரீபியன் பாறைக்கலை குறித்து ஒரு விரிவான ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஆக, அறிஞர்கள் தங்கள் பங்கை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில், தங்கள் பாறைச் செதுக்கல்களுக்காகவே அப்பட்டியலில் ஏறிய கரீபியன் தீவு ஒன்றுகூட இல்லை.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் நடந்தவற்றைப் பார்க்கும்போது இந்தத் தேக்கம் இன்னும் உறுத்துகிறது. 2014 இல் அர்ஜென்டினா, பொலிவியா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், பெரு ஆகிய ஆறு நாடுகள் தங்கள் எல்லைத் தகராறுகளையெல்லாம் ஒதுக்கிவைத்து, இன்காக்களின் மலைப் பெருவழியை ஒரே மரபிடமாகப் பதிவுசெய்தன. 2016 இல் லெ கொர்பூசியே என்ற ஒரே கட்டடக் கலைஞரின் படைப்புகளுக்காக ஏழு நாடுகள் கைகோத்தன; சண்டிகரை முன்னிட்டு இந்தியாவும் அவற்றுள் ஒன்று. சிமென்டுக் கட்டடங்களுக்காக ஏழு நாடுகள் ஒரு தாளில் கையெழுத்திட முடியும் என்றால், ஆயிரம் ஆண்டு பழமையான முகங்களுக்காக அடுத்தடுத்த தீவுகள் அதைச் செய்ய முடியாதா?

நான் எந்தப் பாறைகளைச் சொல்கிறேன் என்பதை, இம்மடலைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

தென்னமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதியிலிருந்து ஓடங்களில் வந்து, கிறித்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளிலேயே இத்தீவுகளில் மரவள்ளி பயிரிட்டு, மட்பாண்டம் வனைந்து வாழத் தொடங்கிய மக்களும், அவர்களின் வழிவந்த தைனோ, கலினாகோ போன்ற குடிகளுமே இவற்றைச் செதுக்கியோர். கடினமான கல்லால் பாறையைக் கொத்திக் கொத்திக் குழித்து, பிறகு மணலும் நீரும் இட்டுத் தேய்த்துக் கோட்டை ஆழப்படுத்தியிருக்கிறார்கள். இரும்பு அவர்களிடம் இல்லை. கிழக்கு ஓரமாக வரிசையாய் அமைந்த சிறிய அண்டிலீஸ் தீவுகளில் எரிமலைப் பாறைகளும், புவேர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பனியோலா போன்ற பெரிய தீவுகளில் சுண்ணாம்புக் குகைகளும் கூடுதலாகப் பயன்பட்டன. பல இடங்களில் உருவம் மிக எளிமையானது: ஒரு வட்டம், அதற்குள் கண்களுக்கு இரண்டு குழிகள், வாய்க்கு ஒன்று. சில முகங்களுக்குத் தலையிலிருந்து கதிர்கள் புறப்படுகின்றன. சில உடல்கள் துணியில் பொதிந்த குழந்தையைப் போலச் சுற்றப்பட்டிருக்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோவின் ஊட்டுவாடோ அருகே காகுவானாவில், சடங்குக்கும் பந்தாட்டத்துக்கும் உரிய கல்வரிசைத் திடல் ஒன்றில் தவளைக் கால்களோடு அமர்ந்த பெண்ணுருவம் இருக்கிறது. நீரின் தாயாகத் தைனோக்கள் வணங்கிய அத்தபேய் தெய்வம் என்று பலர் அவளைக் கொள்கிறார்கள். 1914–15 இல் ஜான் ஆல்டன் மேசன் அங்கே அகழாய்வு செய்தார். 1955 இல் அத்தீவின் பண்பாட்டு நிறுவனம் நிலத்தை வாங்கியது. ஒரு தொல்லிடத்தைக் காப்பதற்கு நிலத்தை வாங்கிவிடுவதைவிடத் தெளிவான வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

இந்தச் செதுக்கல்களின் காலத்தைச் சொல்வது கடினம். கல்லில் கரி இல்லை. அருகில் கிடைக்கும் பானையோட்டையும் அடுப்புச் சாம்பலையும் வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு பாறையை அதன் மண்ணிலிருந்து பெயர்த்து எடுத்தால் அதன் காலத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறோம். அருங்காட்சியக முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிடலாமே என்று அதிகாரிகளுக்கு அடிக்கடி தோன்றும் யோசனைக்கு இதுவே என் முதல் மறுப்பு.

இரண்டாவது மறுப்பு நீர். குவாடலூப்பின் ட்ருவா-ரிவியேரில், 1975 முதல் தொல்லியல் பூங்காவாக இருக்கும் இடத்தில், எரிமலைச் சரிவில் கிடக்கும் பெரும்பாறைகளின் மேல் முகங்கள் நிறைந்திருக்கின்றன. அதே தீவில் பிளெசி ஆற்றின் பள்ளத்திலும், கப்பெஸ்தேர் பகுதியின் பெரூ என்னும் ஆற்றிலும் இன்னும் உள்ளன. செயின்ட் வின்சென்ட்டில் லாயூவின் பெரும்பாறை ஓடையோரம் நிற்கிறது; யாம்பூ பள்ளத்தாக்கின் செதுக்கல்களும் ஆற்றை ஒட்டியவையே. கிரெனடாவின் வடக்கே மவுண்ட் ரிச்சில் ஒற்றைப் பாறையின் முகமெங்கும் உருவங்கள் நெருங்கியிருக்க, அப்பாறை ஆற்றுப் பள்ளத்தில் கிடக்கிறது. செயின்ட் ஜான் தீவின் ரீஃப் பே பள்ளத்தாக்கில் அருவி விழும் நன்னீர்க் குட்டையின் விளிம்பில் செதுக்கியிருக்கிறார்கள். நீர் நிறைந்திருக்கும்போது முகங்கள் இரண்டிரண்டாகத் தெரியும். மொன்செராட்டில் இத்தகைய செதுக்கல் எதுவுமில்லை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2016 இல் மலையேறச் சென்றவர்களின் கண்ணில் பட்டது, அங்கேயும் ஓர் ஓடைப் பள்ளத்தில்தான்.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. டிரினிடாட்டில் அறியப்பட்ட ஒரே செதுக்கலான கௌரிட்டா பாறை மலைமேல் இருக்கிறது. டொமினிக்கன் குடியரசின் லாஸ் கரித்தாஸ் முகங்கள், ஒரு காலத்தில் கடலடியில் இருந்து இன்று நிலமாகிவிட்ட பவளப்பாறையில் செதுக்கப்பட்டவை. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் என்ரிக்கியோ ஏரியை அவை மேலிருந்து நோக்குகின்றன. குகைகளும் ஏராளம். கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் வந்து தைனோக்களிடையே தங்கியிருந்த ரமோன் பானே என்ற துறவி 1498 அளவில் எழுதிவைத்த குறிப்புகளின்படி, மனிதர்களும், ஞாயிறும் திங்களுங்கூட, குகைகளிலிருந்தே வெளிவந்தனர் என்பது அம்மக்களின் நம்பிக்கை. இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், செதுக்கியோர் கிடைத்த கல்லில் கிறுக்கவில்லை என்பது விளங்கும். நீர் புறப்படும் இடம், விழும் இடம், கடலோடு கலக்கும் இடம், நிலத்துக்குள் நுழையும் வாய் என்று தேர்ந்து தேர்ந்து செதுக்கியிருக்கிறார்கள். அந்த ஓடையைத் திசைதிருப்பிவிட்டுக் கல்லை மட்டும் கம்பிவேலிக்குள் வைப்பது, தெப்பக்குளத்தைத் தூர்த்துவிட்டு நீராழி மண்டபத்துக்கு வெள்ளையடிப்பது போன்றது.

இனி, ஏன் இப்போதே என்பதைச் சொல்கிறேன்.

கிரெனடாவின் மேற்குக் கரையில் டுக்கேன் விரிகுடாவின் செதுக்கல்கள் கடற்கரையிலேயே இருக்கின்றன. அலையும் உப்பும் மணலும் நாள்தோறும் அவற்றைத் தேய்க்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ கடற்கரைக் குகைக்கும் இதே நிலைமைதான். கடல்மட்டம் உயர உயர இது விரைவுபடுமே ஒழியக் குறையப்போவதில்லை. 2004 இல் ஐவன், 2017 இல் மரியா, 2024 இல் பெரில் என்று சூறாவளிகள் வந்தபடியே இருக்கின்றன. 2021 இல் செயின்ட் வின்சென்ட்டின் சூஃப்ரியேர் எரிமலை வெடித்துத் தீவெங்கும் சாம்பலைக் கொட்டியது. காட்டை வெட்டிய சரிவில் பெருமழை பெய்தால் ஆறு பாறைகளையே உருட்டிக்கொண்டு வருகிறது. செதுக்கலுள்ள பாறையை அது தனியே அடையாளம் கண்டு ஒதுங்கிப் போவதில்லை. சரிவில் மரம் இருந்தால் வெள்ளத்தின் வேகம் குறையும், மண் நிற்கும், பாறையும் நிற்கும். நான் கேட்கும் நீரெல்லை அழகுக்காகக் கேட்பதன்று. பாறை நிலைத்திருப்பதற்கே அது வேண்டும்.

நீரின் தூய்மையும் இதில் சேர்ந்தது. குவாடலூப், மார்த்தினிக் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்தப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி இன்னும் மண்ணிலும் நீரிலும் தங்கியிருக்கிறது; அதனால் பல ஆறுகளில் மீன்பிடிக்கத் தடை உண்டு. கல்லுக்கு அந்த நஞ்சால் கேடில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் உள்ளூர் மக்கள் அஞ்சி ஒதுங்கும் ஆற்றை ஒட்டிய மரபிடத்தை யார் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்?

பெரிய கட்டுமானங்கள் தரும் பாடம் தனி. 2007 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் பொன்சே அருகே போர்த்துகேஸ் ஆற்றில் அணை கட்டும் பணியில், அமெரிக்கப் படையின் பொறியாளர் பிரிவு ஹகானா என்ற இடத்தில் ஒரு சடங்குத் திடலையே கண்டது. செதுக்கிய கற்கள் வரிசையாக நின்றன. மனித எலும்புகளும் கிடைத்தன. எலும்புகளும் தொல்பொருள்களும் ஆய்வுக்காகக் கடல்கடந்து ஜார்ஜியா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டதும் தீவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. திடல் மீண்டும் மண்ணால் மூடப்பட்டது. மூடியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் அணைத் திட்டம் வரையும் மேசையில் அந்தப் பள்ளத்தாக்கின் தொல்லியல் மதிப்பு முதலிலேயே எடைபோடப்பட்டிருந்தால், திடலை அவசர அவசரமாகத் திறந்து, மறுபடியும் மூட வேண்டிய நிலை வந்திருக்காது. போர்த்துகலில் கோஆ பள்ளத்தாக்கின் செதுக்கல்களுக்காக, 1990களின் நடுவில், கட்டத் தொடங்கிவிட்ட அணையையே அரசு நிறுத்தியது. 1998 இல் அந்தப் பள்ளத்தாக்கு உலக மரபிடமாயிற்று. செயின்ட் வின்சென்ட்டில் ஆர்கைல் விமான நிலையம் எழுந்த கரையில், 2009–10 இல் இடப்பட்ட அவசர அகழாய்வில் ஒரு கலினாகோ ஊரின் வீட்டுத் தடங்களே வெளிப்பட்டன. விமான நிலையம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தீவில் வாழ்வோருக்கு அது வேண்டும். அடுத்த சாலையும் அடுத்த விடுதியும் வருவதற்குள், எந்தப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்ற வரைபடம் திட்ட அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் ஏன் நகரவில்லை என்பதற்கு நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நானும் அறிவேன். தீவுகள் பல கொடிகளின் கீழ் இருக்கின்றன. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ் ஆகியவை தனி நாடுகள். குவாடலூப் பிரான்சின் மாவட்டம். மொன்செராட் பிரிட்டன் வசம். புவேர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் ஜானும் அமெரிக்காவின் கீழ். உலக மரபு உடன்படிக்கையின்படி விண்ணப்பம் தருவது அரசுகளின் வேலை. தீவு நிர்வாகங்களால் நேரடியாகத் தர இயலாது. அமெரிக்காவோ யுனெஸ்கோவை விட்டு விலகுவதும் திரும்புவதும் மீண்டும் விலகுவதாக அறிவிப்பதுமாக இருக்கிறது. இவர்கள் அனைவரும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வருவார்கள் என்று காத்திருந்தால், டுக்கேன் பாறையில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். சிறிய அண்டிலீஸின் எரிமலைத் தீவுகளிலுள்ள ஓடையோரச் செதுக்கல்கள், பாறை வகையிலும் அமைவிடத்திலும் தம்முள் ஒத்தவை. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ் ஆகிய மூன்று நாடுகளும், குவாடலூப்புக்காகப் பிரான்சும் சேர்ந்தாலே முதல் தொடர் அமைந்துவிடும். பெரிய தீவுகளைப் பின்னர் சேர்க்க விதிகளில் இடமிருக்கிறது. மேலே சொன்ன கோஆ மரபிடமே 2010 இல் எல்லை தாண்டி ஸ்பெயினின் சியேகா வெர்தேவரை நீட்டிக்கப்பட்டது. பிரான்சுக்கு இது புதிதன்று. 2023 இல் மார்த்தினிக்கின் எரிமலைகளையும் காடுகளையும் இயற்கை மரபாகப் பதிவுசெய்ததே அந்த அரசுதான். அதே மார்த்தினிக் 2025 இல் காரிகாமின் இணை உறுப்பினராகக் கையெழுத்திட்டிருப்பதால், பேசுவதற்கு ஒரு பொது மேடையும் கிடைத்திருக்கிறது. பணம் இல்லை என்பீர்களானால், விண்ணப்பத் தயாரிப்புக்கென்றே உலக மரபு நிதியத்திடம் 30,000 அமெரிக்க டாலர்வரை உதவி கேட்கலாம். பெரிய தொகை அன்று. ஆனால் ஒரு தீவின் செதுக்கல்களை முறையாகப் பதிவுசெய்யும் பணியைத் தொடங்க உதவும்.

அந்தப் பதிவுப் பணி விண்ணப்பத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் இணைத்துப் பாறையின் முப்பரிமாண வடிவத்தைப் பெறும் முறை இன்று ஒரு நல்ல கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பள்ளி ஆசிரியரும் மாணவரும் பழகிக்கொள்ளக்கூடியது. ஆண்டுக்கு ஒருமுறை அதே பாறையை மீண்டும் பதிவுசெய்தால், எவ்வளவு தேய்ந்தது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். இதோடு கண்டிப்பாக நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: படம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகச் செதுக்கல் கோடுகளைச் சுண்ணக்கட்டியாலோ வண்ணத்தாலோ நிரப்புவது. முந்தைய தலைமுறை ஆய்வாளர்களே இதைச் செய்திருக்கிறார்கள். வழிகாட்டிகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சுண்ணம் கல்லைச் சுரண்டுகிறது. வரைபவரின் ஊகம் செதுக்கியவரின் கோடாக நிலைத்துவிடுகிறது. மாலையில் சாய்ந்து விழும் வெயிலோ, பக்கவாட்டில் பிடித்த ஒரு கைவிளக்கோ போதும், கோடுகள் தாமே எழுந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது, யார் அந்த மேசையில் அமர்கிறார்கள் என்பது. தொல்குடிகள் அழிந்துபோனார்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1626 இல் செயின்ட் கிட்ஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடி நடத்திய படுகொலையில் கலினாகோ மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டது உண்மை. 1797 இல் கலினாகோக்களும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான செயின்ட் வின்சென்ட்டின் காரிஃபூனா மக்கள் ஹோண்டுராஸ் கரைக்கு அப்பாலுள்ள ரோவத்தான் தீவுக்கு நாடுகடத்தப்பட்டதும் உண்மை. ஆயினும் அவர்கள் இருக்கிறார்கள். டொமினிக்காவில் 1903 இல் ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் கலினாகோக்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவரான சில்வனி பர்ட்டன் 2023 முதல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர். டிரினிடாட்டின் அரிமாவில் சாண்டா ரோசா முதற்குடிச் சமூகம் இயங்குகிறது. எந்தச் செதுக்கலைப் பயணிகளுக்குத் திறக்கலாம், எதைச் சடங்குக்காக விட்டுவைக்கலாம், எந்த உருவத்தை விடுதியின் சின்னமாகவும் சட்டைப் படமாகவும் அச்சிட அனுமதிக்கலாம் என்பவற்றில் கடைசிச் சொல் அவர்களுடையதாக இருக்கட்டும். பணி முடிந்தபின் அழைத்து நடனமாடச் சொல்வதைக் கலந்தாலோசனை என்று கணக்கில் எழுத வேண்டாம்.

தொலைவிலிருக்கும் தமிழர் ஒருவருக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் எங்கள் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று குவாடலூப்பில் இறக்கியது. 1861 ஜூன் 1 அன்று சென்னையிலிருந்து சென்ற திருவாங்கூர் என்ற கப்பல் செயின்ட் வின்சென்ட்டை அடைந்தது. ட்ருவா-ரிவியேரை அடுத்த கப்பெஸ்தேரில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. செதுக்கிய பாறைகள் கிடக்கும் அதே சரிவுகளின் தோட்டங்களில் எங்கள் மக்கள் கரும்பு வெட்டினார்கள். அந்த மண்ணோடு எங்களுக்குள்ள உறவு அவ்வளவே. பாறைகளில் எங்களுக்குப் பங்கில்லை. உலகின் எந்த மூலையில் ஒரு வட்டமும் கோடும் கண்டாலும் அதில் தமிழ் எழுத்தைத் தேடும் நம்மவர்க்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: இவை எழுத்துகள் அல்ல, நம் முன்னோர் பொறித்தவையும் அல்ல. செதுக்கியோரின் வழியினர் அங்கேயே இருக்கும்போது அவர்கள் சொத்தை நாம் கேட்பது அழகன்று.

இறுதியாக, நடைமுறைக்கான ஒரு வேண்டுகோள். இது குறித்து நீங்கள் கூட்டும் முதல் கூட்டத்தை வறண்ட மாதங்களில் விடுதி அரங்கில் வைக்காதீர்கள். மழை வலுத்திருக்கும் அக்டோபரில், மவுண்ட் ரிச் பள்ளத்துக்கு மேலேயோ லாயூ ஓடைக்கரையிலோ கூடுங்கள். நில அளவையாளரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வெள்ளம் எதுவரை ஏறுகிறது, அந்த நீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது, அச்சரிவு யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் அன்றே குறித்துக்கொண்டால், விண்ணப்பத்தில் இணைக்க வேண்டிய எல்லை வரைபடத்தின் முதல் படி உங்கள் கையில் இருக்கும்.

மதிப்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்